துளைக்குச் சொந்தமான முகவரி

எங்கள் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். தபாலுக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மெஷின்களுக்கு முகவரி கொடுப்பது அவர் வேலை, அதனால் வந்த பெயர். வைத்தது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அங்கே மோட்டார் பார்க்கிற ஃபிட்டர் நான். மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி நீண்டுவிட்ட வாய்.

தரை துடைக்கிற திரவத்தைப் பாட்டிலில் அடைத்து அனுப்பும் இடம் அது. பச்சை நிறம், எலுமிச்சை வாசனை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஹா என்றிருக்கும். நாள் போகப் போக, வீட்டில் யாராவது எலுமிச்சம்பழம் நறுக்கினாலே எழுந்து வெளியே போய்விடத் தோன்றும்.

அடைக்கும் கூடத்தின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதற்குள் சுவிட்ச் என்று ஒரு பெட்டி. விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை இது. முகம் முழுக்க வரிசையாகச் சதுரத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு சாம்பல் நிற வயர், ஒவ்வொரு வயரின் மறுமுனையிலும் ஒரு மெஷின். மெஷின்களுக்குள் பேச்சுவார்த்தை நடக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண் வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. முன்பெல்லாம் அதை மெஷினுக்குள்ளேயே எழுதி வைப்பார்கள். மெஷினின் மூளைப் பலகை செத்துப்போனால் புதிதை மாட்டி, லேப்டாப்பைத் தூக்கி வந்து, எண்ணைத் திரும்ப எழுதி முடிப்பதற்குள் ஒரு ஷிஃப்ட் போய்விடும்.

போஸ்ட்மாஸ்டர்தான் இதை மாற்றினார். எண்ணை மெஷினிடமிருந்து பிடுங்கித் துளைக்குக் கொடுத்தார். மின்சாரம் வந்ததும் மெஷின், 'நான் யார்?' என்று கேட்கும். அது மூன்றாம் துளையிலிருந்து கேட்டால், 'நீ ஒன்றாம் மெஷின்' என்று சுவிட்ச் சொல்லும். நான்காம் துளையிலிருந்து கேட்டால், 'நீ இரண்டாம் மெஷின்.' பலகை செத்ததா, கழற்று, புதிதை மாட்டு, அதே வயரைச் சொருகு, போய் டீ குடி. அவ்வளவுதான் வேலை.

"குடி வர்றது யாரா வேணா இருக்கட்டும்யா. கதவு நம்பர் கதவோடது," என்பார். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

பெருமைப்பட்டதில் தப்பில்லை. கூரைக்கும் மேல்தட்டுக்கும் நடுவே தவழ்ந்து வயர் இழுக்கிற வேலையில் சேர்ந்தவர் அவர். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகப் படித்து, தானாகத் தடுமாறி, அந்த அலமாரியின் சாவியைக் கையில் வாங்கியவர். ஆனால் அந்தச் சாவி வந்த பிறகு மனுஷனுக்கு ஒரு பழக்கமும் கூடவே வந்தது. எங்கே என்ன கோளாறு என்றாலும், அடுத்தவர் தப்பாகத்தான் இருக்கும் என்று ஆரம்பிப்பார். கஷ்டம் என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். அதனால் அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு அடைக்கும் மெஷின்களையும் ஒரே ஆளாக ஓட்டியவர் அவர். கூடத்தில் எல்லோருக்கும் அக்கா. மேலதிகாரிகள்கூட அக்கா என்றுதான் சொல்வார்கள், அவரைவிட வயதில் மூத்தவர்கள் உட்பட. அவர் முன்னால் ஒரு தொடுதிரை. அதில் இடது பக்கம் ஒரு பச்சைக் கட்டம், ஒன்று. வலது பக்கம் ஒரு பச்சைக் கட்டம், இரண்டு. மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே, "மோட்டாரு, இன்னைக்கு ஒண்ணாவதுக்குத் தொண்டை கட்டியிருக்கு, வந்து பாருங்க," என்பார். போய்ப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். அக்கா சொல்லி ஒரு தடவைகூட வீணாக நடந்ததில்லை நான்.

ஒரு நாள் காலையில் போஸ்ட்மாஸ்டர் அலமாரியைத் திறந்து தூசி தட்டினார். மின்சாரத்தை அணைத்துவிட்டு வயர்களைக் கழற்றி, துளைகளை ஊதித் துடைத்து, திரும்பச் சொருகி, மின்சாரத்தைப் போட்டார். துளைக்கு மேலே இருக்கும் குட்டி விளக்குகள் பச்சையாக மின்னின. அது போதும் என்று அலமாரியைப் பூட்டிவிட்டார்.

அப்போது ஒன்றாம் மெஷினின் திரவம் ஊற்றும் மூக்குகளுக்கு அடியில் பாட்டில் இல்லை. துப்புரவுக்காரர் அதன் கீழே குனிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டாம் மெஷினில் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன. அக்கா திரையைத் தொட்டார். இரண்டாம் மெஷின் சும்மா நின்றது. ஒன்றாம் மெஷின் ஊற்ற ஆரம்பித்தது.

துப்புரவுக்காரர் பச்சையாக எழுந்தார். தலையிலிருந்து கால் வரை எலுமிச்சை. கண் எரிச்சலில் அவர் போட்ட கூச்சலில், யாரோ பெரிய சிவப்புப் பொத்தானை அடித்து எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அதற்குள் கூடம் குளமாகிவிட்டது. கழுவிவிடத் தண்ணீர் ஊற்றினால் நுரை வந்தது. நுரையை அடக்க இன்னும் தண்ணீர் ஊற்றினால் இன்னும் நுரை வந்தது. கணுக்கால் வரை நுரையில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் எல்லோரையும் பார்த்துக் கத்தினார்.

"நான் ரெண்டைத்தான் அமுக்கினேன்," என்றார் அக்கா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

போஸ்ட்மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் அலமாரியைத் திறந்து, மின்சாரத்தை அணைத்து, மூன்றாம் நான்காம் துளைகளின் வயர்களை உருவி, ஊதி, திரும்பச் சொருகி, மின்சாரத்தைப் போட்டார். பிறகு திரையில் ஒன்றைத் தொட்டார். ஒன்று ஓடியது. இரண்டைத் தொட்டார். இரண்டு ஓடியது. திரும்பி, கூடமே கேட்கும்படி சொன்னார்.

"எங்க பக்கம் அதது அதோட இடத்துலதான் இருக்கு. அக்காவோட விரல்தான் இடம் மாறிப்போச்சு. வீட்டுல பேத்திகிட்ட உக்காந்து ஒண்ணு, ரெண்டு எண்ணிப் பழகுங்கக்கா. வயசாகுதுல்ல."

ஈரமும் எரிச்சலுமாக நின்றவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாளே அக்காவை அட்டைப்பெட்டி மடிக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். தொடுதிரைக்கு வேறு ஆள் வந்தார். சில வாலுகள் அக்காவைப் பார்த்தால் "ஒண்ணா? ரெண்டா?" என்று விரலைக் காட்டும். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். கொஞ்ச நாளில் பெட்டியின் அடியை ஒட்டிவிட்டோமா என்று மறுபடி மறுபடி புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் வேலையை விட்டு நின்றுவிட்டார். உடம்பு சரியில்லை என்றார்கள்.

அடுத்த வருடம் மறுபடி தூசி தட்டும் வேலை வந்தது. கூடத்துக்கு அன்று விடுமுறை. போஸ்ட்மாஸ்டர் அலமாரிப் பக்கம், நான் இரண்டாம் மெஷினின் மோட்டாருக்கு கிரீஸ் அடித்துக்கொண்டு இந்தப் பக்கம். அவர் வயர்களைச் சொருகிக்கொண்டே தன் பெண் பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தார். முடித்து, மின்சாரத்தைப் போட்டுவிட்டுத் திரைப் பக்கம் வந்தார்.

"ரெண்டை ஓட்டுய்யா, சத்தம் கேக்கணும்," என்றேன்.

எனக்கு முன்னால் இருந்த மோட்டார் அசையவில்லை. பின்னால் ஒன்றாம் மெஷின் உறுமியது.

"யோவ், ரெண்டுன்னேன்!"

"நான் ரெண்டைத்தான்யா அமுக்கினேன்," என்றார்.

சொன்ன மாத்திரத்தில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். மெதுவாக அலமாரிக்குப் போனார். மூன்றும் நான்கும் பக்கத்துப் பக்கத்துத் துளைகள், ஒரே நிறத்து வயர், ஒரே நீளம். இரண்டையும் மாற்றிச் சொருகியிருந்தார். ஒன்றாம் மெஷின் நான்காம் துளையில் நின்று 'நான் யார்?' என்று கேட்டிருக்கிறது, 'நீ இரண்டு' என்று சுவிட்ச் சொல்லியிருக்கிறது. விளக்குகளுக்கு என்ன தெரியும்? எது வந்து சொருகினாலும் பச்சைதான்.

கவிழ்த்துவைத்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் காலையில துடைச்சேன்ல," என்றார். "மாத்திச் சொருகியிருக்கேன். அப்புறம் வந்து பார்க்குறேன்னு உருவினேனே, அப்ப மறுபடியும் மாத்திச் சொருகினதுல சரியாப்போச்சு. சரியாப்போனதைக் காட்டித்தான் நான்..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அன்று அவர் அடித்த ஜோக் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவில் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

அதன் பிறகு மனுஷன் கூனிக் குறுகிப் போனார். கூடத்தின் நடுவே நடப்பவர், கிடங்கைச் சுற்றிக்கொண்டு போனார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடினார். அவர் மனைவி எனக்கு ஃபோன் போட்டு, "அண்ணே, இவரு வீட்டுல சண்டைகூடப் போட மாட்டேங்கறாரு, பயமா இருக்கு," என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கிடங்கின் பின்னால் பிடித்து நிறுத்தினேன்.

"வெக்கப்பட்டது போதும்யா. உன் வெக்கத்தை வெச்சு அக்கா என்ன பண்ணுவாங்க? போய்ச் சொல்லு."

சூப்பர்வைசரிடம் போனார். நானும் வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அது பழைய கதை. அந்த அம்மாவே ஒண்ணும் கேக்கல, நீங்க எதுக்கு இப்பக் கிளறிக்கிட்டு? வெளிய தெரிஞ்சா நம்ம எல்லாருக்கும்தான் கேவலம்."

தப்பிக்க இதைவிட அகலமான கதவு யாருக்கும் கிடைக்காது. போஸ்ட்மாஸ்டர் அதன் வழியாகப் போகவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்னும் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறேன். அன்று டீ நேரத்தில், எல்லோரும் கோப்பையும் கையுமாக நிற்கும்போது, ஒரு பெஞ்சின் பக்கத்தில் நின்று சொன்னார்.  யாரும் சிரிக்கவில்லை. துப்புரவுக்காரர் மட்டும், "அப்ப அந்தம்மாவை நான் திட்டினதெல்லாம்?" என்று கேட்டார். 

விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போனோம். குறுகலான படிக்கட்டு, படிக்குப் படி செருப்புகள், மேல் தளத்தில் வீடு. அக்காவின் மகள் கதவைத் திறந்தாள். உள்ளே அக்கா இளைத்துப் பாதியாகியிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போஸ்ட்மாஸ்டருக்கு எப்படி இருந்திருக்கும்!

"நீங்களா தம்பி? மோட்டாரும் வந்திருக்கீங்களா? உக்காருங்க, டீ போடறேன்."

"நீங்க உக்காருங்கம்மா, நான் போடறேன்," என்று மகள் அவசரமாகக் குறுக்கே வந்தாள். அக்கா உடனே உட்கார்ந்துவிட்டார், விருந்தாளி மாதிரி, நாற்காலியின் விளிம்பில்.

"அடுப்புப் பக்கம் போறதில்ல நான்," என்றார் எங்களிடம், குரலைத் தாழ்த்தி. "அணைச்சேனா இல்லையான்னு சந்தேகம் வந்துடுது. பேத்தியைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வர்றதையும் நிறுத்திட்டேன். வழி மாறிட்டா? டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு." பிறகு போஸ்ட்மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு நீங்க எடுத்துச் சொன்னது நல்லதாப் போச்சு தம்பி. இல்லன்னா எனக்கு மறதி வந்திருக்குன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது."

நன்றி சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு, அந்த வாயால் நன்றி சொன்னார்.

போஸ்ட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். உட்கார்ந்துகொண்டு சொல்ல அவரால் முடியவில்லை. துளை, வயர், மாற்றிச் சொருகியது, திரும்ப மாற்றியது எல்லாவற்றையும் தலையும் வாலும் இல்லாமல் கொட்டினார். அக்காவுக்கு அதில் பாதி புரியவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் ரெண்டைத்தான் அமுக்கினேனா?"

"ரெண்டைத்தான்க்கா அமுக்கினீங்க. தப்பு என்னோடது. முழுக்க என்னோடது."

அக்கா தன் வலது கை விரலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கு எனக்கு நல்லாத் தெரியும், விரலு ரெண்டு மேலதான் இருந்துது. நீங்க சொல்லிட்டீங்களேன்னுதான்... நீங்க சொன்னா தப்பா இருக்காதேன்னு நினைச்சு நினைச்சு, கடைசியில ஒண்ணு மேல இருந்த மாதிரியே ஞாபகம் வர ஆரம்பிச்சுடுச்சு."

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். டீ பொங்கி வழிந்து அடுப்பில் விழும் சத்தம் கேட்டது, அவள் திரும்பவில்லை. "ஒரு வருஷமா எங்கம்மா கையைப் பிடிச்சு நடத்திக்கிட்டு இருக்கேன்," என்றாள். "நீங்க ஒரு நிமிஷத்துல வந்து வயரு மாறிப்போச்சுங்கறீங்க." அதற்கு மேல் அவளுக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை, அழுகைதான் வந்தது.

போஸ்ட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, "டீ நேரத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்க்கா. யாரும் இனிமே உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றார்.

அக்கா நிமிர்ந்தார். அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக, மெஷின் ஓட்டிய அக்காவின் கண் தெரிந்தது.

"எல்லார் முன்னாலயுமா? நான் இல்லாமலா?"

"ஆமாக்கா," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"அசிங்கப்படுத்தினப்ப நான் அங்கதானே நின்னேன்? இப்ப தப்பு என் மேல இல்லன்னு சொல்றப்ப நான் நிக்க வேண்டாமா? நீங்க சொல்லிட்டு, உங்க பாரத்தை இறக்கி வெச்சுட்டு வந்துட்டீங்க. சரி. என்னைக் கூட்டிட்டுப் போங்க. மறுபடியும் சொல்லுங்க. நான் கேக்கணும்."

போஸ்ட்மாஸ்டரின் முகம் வெளிறிப்போனது. டீ நேரத்தில் சொன்னபோது, எவ்வளவு கூசினாலும், பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு ஓரத்தில் நினைத்திருப்பார். அந்த ஓரமும் போயிற்று.

மறுநாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கூடத்துக்குள் வந்தார். மெஷின்களை நிறுத்தினோம். அட்டைப்பெட்டிப் பக்கத்து ஆட்கள், துப்புரவுக்காரர், சூப்பர்வைசர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். போஸ்ட்மாஸ்டர் சொன்னார். இந்தத் தடவை துளை, வயர் என்று எதையும் நீட்டவில்லை. "அன்னைக்கு அக்கா சரியாத்தான் அமுக்கினாங்க. தப்புப் பண்ணது நான். பண்ணதோட நிக்காம, பழியை அவங்க மேல போட்டு, வயசைச் சொல்லி, உங்க எல்லாரையும் சிரிக்க வெச்சேன்."  துப்புரவுக்காரர் முன்னால் வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. "ஒண்ணா ரெண்டா" வாலுகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

சூப்பர்வைசருக்கும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போல் தோன்றிவிட்டது. "அக்கா, உங்க இடம் உங்களுக்குத்தான். எப்ப வேணா வாங்க. இப்பவேகூட ஒரு தடவை ஓட்டிட்டுப் போங்க," என்றார். திரையை இப்போது ஓட்டுகிற ஆள் நகர்ந்து இடம் விட்டார். இரண்டாம் மெஷினில் பாட்டில்கள் தயாராக நின்றன.

எத்தனையோ வருடம் நின்ற இடத்தில் அக்கா போய் நின்றார். விரலை உடுப்பில் துடைத்துக்கொண்டார். திரையில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பச்சைக் கட்டங்கள், உள்ளே கொட்டை எழுத்தில் எண்கள், தூரத்தில் நின்ற எனக்கே தெரிந்தன. விரல் வலது கட்டத்துக்கு நேராகப் போனது. தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு அக்கா திரும்பினார். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. போஸ்ட்மாஸ்டரைத்தான் பார்த்தார்.

"தம்பி, இதுதானே ரெண்டு?"

 போஸ்ட்மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயைத் தொறந்து சொல்லுங்க தம்பி," என்றார் அக்கா.  "நீங்க சொன்னாத்தான் அமுக்குவேன்."